வளரி செய்ய எந்த வளைவை வெட்டுவது?

பிறைபோல் வளைந்த, வீசி எறியும் மர ஆயுதம் வளரி. பலகையில் அதை வரைந்து அறுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கட்டாந்தரையில் நாலு முறை விழுந்ததும் வளைவில் இரண்டாகிவிடும். பலகையின் ரேகை நேராக ஓடுவதுதான் காரணம். வளைவு வரும் இடத்தில் வாள் அந்த ரேகையைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. அங்கே மரத்தைப் பிடித்து நிறுத்த நீளமான இழை எதுவும் மிஞ்சுவதில்லை. சின்ன மருதுவிடம் வளரி வீசப் பழகிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தவறாது என்று எழுதினார். அவ்வளவு தூரம் போய் விழும் அடியைத் தாங்க வேண்டுமானால் மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். எனவே உளியைத் தேடுவதற்கு முன் வளைந்த கிளையைத் தேடுங்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. முதல் தேர்வு நாட்டுக் கருவேல். வண்டிச் சக்கரத்துக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் அதைத் தேடுவது அடி தாங்கும் என்பதால்தான். நல்ல வளைவு கிடைப்பது மட்டும் அரிது. சாயல்குடியிலிருந்து தேவிபட்டினம் வரை எங்கு பார்த்தாலும் நிற்கும் சீமைக் கருவேல் அடுத்தது. கனமான மரம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் என்பது அதன் பெரிய பலம். தூரை ஒட்டிக் கிளை பிரியும் இடங்களில் வேண்டிய வளைவுகள் கிடைக்கும். முள் குத்தினால் வீங்கிச் சீழ் பிடிக்கும் என்பதால் தடித்த கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். பூவரசு செதுக்க இலகுவானது, முதல் வளரிக்கு ஏற்றது. வாகை எடை குறைவு. வீசினால் காற்றில் ஒதுங்கும்.

வத்தை, வள்ளம் போன்ற படகுகளைக் கட்டும் இடங்களில் விலாக்கட்டைக்கென்று (படகின் வளைந்த உட்சட்டம்) வளைந்த மரங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் கழித்த துண்டைக் கேட்டு வாங்கலாம். உடைத்த பழைய வள்ளத்தின் விலாக்கட்டை மட்டும் வேண்டாம். உப்பு ஊறிய மரம் மழைக்காலம் வந்தால் ஈரத்தை இழுக்கும், எண்ணெய் ஏறாது. ஆணி இருந்த இடம் கறுத்து, உள்ளே நைந்தும் இருக்கும். காரங்காடு போன்ற இடங்களின் அலையாத்தி மரங்களிலும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளிலும் சுள்ளிகூட எடுக்கக் கூடாது. சீமைக் கருவேல்தானே என்று அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் வெட்டுவதும் தவறு.

கிளையை எப்படிப் பார்ப்பது? 12 முதல் 15 செ.மீ. விட்டம் வேண்டும். நடுவில் இருக்கும் கருமையான வைரம் (முற்றிய மரம்) குறைந்தது 8 செ.மீ. அகலம் இருக்கட்டும். வெளியே வெளிறித் தெரியும் பகுதியைச் சேர்த்துக் கணக்கிடாதீர்கள். அதை வண்டு துளைக்கும், ஆறு மாதத்தில் மாவாகக் கொட்டும். இரு முனைக்கும் இடையே கயிற்றை இழுத்துப் பிடித்தால் 45 செ.மீ.; வளைவை ஒட்டி அளந்தால் 50 செ.மீ.; கயிற்றிலிருந்து வளைவின் ஆழம் ஏறக்குறைய 9 செ.மீ. இந்த மூன்று அளவும் பொருந்தும் மெல்லிய பிறை ஒன்றை அட்டையில் வெட்டி எடுத்துப் போய்க் கிளையோடு வைத்துப் பாருங்கள். வளைவின் உட்புறத்தில் கணு இருந்தால் எவ்வளவு அழகான கிளையானாலும் விட்டுவிடுங்கள். வளரியின் தலையாக வரும் அகன்ற முனையில் சிறு கணு இருந்தால் பாதகமில்லை. வெட்டும்போது இரு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக விடுங்கள். முனை வெடிப்பு எப்படியும் அதைத் தின்னும்.

வெட்டிய அன்றே கிளையை இரண்டாகப் பிளக்க வேண்டும். முழுக் கட்டையாகக் காயவிட்டால் நடுவிலிருந்து வெளிவரை வெடிக்கும். வளைவைத் தரையில் படுக்க வைத்தால் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரிய வேண்டும். அப்போதுதான் இரண்டு துண்டிலும் வளைவு முழுதாக இருக்கும். தடித்த முனையில் ஆப்பு அடியுங்கள். ரேகை பின்னிக்கொண்டு பிளக்க மறுத்தால் அறுவை மில்லில் அதே வாட்டத்தில் அறுத்து வாங்குங்கள். பிளந்த முகத்தில் தெரியும் நடுக்குருத்தை 1 செ.மீ. ஆழம்வரை இழைத்து நீக்குங்கள். வெட்டு முனைகளில் மெழுகையோ பழைய எனாமல் பெயிண்டையோ கனமாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடுவதுதான் வெடிப்புக்குக் காரணம்.

தை, மாசியில் வெட்டுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டினால் பூசணம் பிடிக்கும். நிழலில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், குறுக்குக் கட்டைமேல் வையுங்கள். கச்சான் என்ற மேற்குக் காற்று நேராக அடிக்கும் பக்கம் வைத்தால் மேல்தோல் மட்டும் முதலில் காய்ந்து பிளக்கும். நான்கைந்து மாதம் பிடிக்கும். வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை 5 கிராமுக்குள் நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். தட்டினால் வரும் ஓசையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

செதுக்குவது இதைவிட எளிது. பிடியின் நுனி 3 செ.மீ. அகலம், 1.4 செ.மீ. கனம், தலை 7 செ.மீ. அகலம், 2.2 செ.மீ. கனம், இடையில் சீராக விரியட்டும். பிடியின் முடிவில் கை வழுக்காமலிருக்கச் சிறு குமிழ் விடுங்கள். மரம் செதுக்கும் வாச்சியால் உருவத்தைக் கொண்டுவந்து, மர அரத்தால் ராவி, 80, 120, 220 எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். சீமைக் கருவேலின் தூள் மூக்கை எரிக்கும், முகக்கவசம் போடுங்கள். முடிந்த எடை 300 கிராமை ஒட்டி வரும். முதுகு, அதாவது வளைவின் வெளிப்புறம், மேலே இருக்கும்படி நூலில் தொங்கவிட்டு, இரு முனையும் சமமாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். நூல் பிடி நுனியிலிருந்து 29 முதல் 31 செ.மீ.க்குள் வர வேண்டும். அதைவிடப் பிடிப்பக்கம் தள்ளி வந்தால் பிடியைத்தான் மெலிக்க வேண்டும், தலையைத் தொடாதீர்கள். பிறகு கண்ணாடிமேல் படுக்க வையுங்கள். 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் முறுக்கு இருக்கிறது. வீசும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

விளிம்பைக் கூராக்க வேண்டாம், 4 மி.மீ. கனத்தில் உருட்டிவிடுங்கள். மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே சிம்பு தெறிக்கும். இரும்புப் பூணும் வேண்டாம்.

படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் கையில் கொப்புளம் போடும். வேப்பெண்ணெய் காயாமல் பிசுபிசுக்கும். காய்ச்சிய லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நாளுக்கு ஒன்றாக நான்கு பூச்சுக் கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

வீசிப் பழக, வற்றிய கண்மாயில் சுற்றிலும் 100 மீட்டர் ஆளும் ஆடும் இல்லாத இடம் வேண்டும். இது திரும்பி வரும் ஆயுதமல்ல. போய் விழுந்த இடத்தில்தான் எடுக்க வேண்டும். முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் குறிக்கு வைக்கோல் பிரியைக் கட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வளைவின் உட்புறத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை அளவு வெடிப்பு தட்டுப்பட்டாலும் அதை மறுபடி வீசாமல் சுவரில் மாட்டிவிட்டு, பிளந்தபோது கிடைத்த இரண்டாவது பாதியைச் செதுக்கத் தொடங்குங்கள்.