கெட்டுப்போன ஃபைலை மீட்கப் போய் இருந்ததையும் இழக்காதீர்கள்

சென்ற வாரம் வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்ப்பதற்குள், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்ய விண்டோஸில் வரும் செக் டிஸ்க் பாதி ஓடியிருந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுவோம். ஃபைல் கெட்ட பிறகு நாம் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

மூல டிஸ்க்கிலேயே கைவைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். செக் டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற பதிவை, சரிசெய்வது. உங்கள் தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. கணக்கில் இடிக்கிற ஃபைலை வெட்டும். யாருடையது என்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் பெயர் இல்லாமல் கொட்டும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்சிகேயும் (fsck) கிட்டத்தட்ட இப்படித்தான்.

ஒருவர் தன் மகளின் சிறுவயதுப் படங்கள் இருந்த டிஸ்க்கை என்னை நம்பிக் கொடுத்தார். சில படங்கள் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. மற்றவை நன்றாகவே திறந்தன. நான் செக் டிஸ்க்கை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். டிஸ்க் ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்திருக்கிறது. காலையில் கணினிக்கு அப்படியொரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. திறந்த படங்களை முதல் நாளே நகலெடுத்திருந்தால் பெரும்பாலானவை அவர் கையில் இருந்திருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு அது; ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. 5 என்பது கெட்டுப்போனதால் ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 197-இன் கணக்கு பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு மென்பொருள் கொண்டு வேறு டிஸ்க்கில் முழு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு அசல் நகல், எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அப்புறம்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். எதுவரை படித்தது என்று அது குறித்துவைக்க ஒரு மேப் ஃபைலையும் கொடுத்துவிட்டால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழுதுபார்ப்பது எல்லாம் அந்த இமேஜின் நகலில்தான்.

ஃபைலின் பெயரை நம்புவது

ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். இன்றைய வேர்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப். 'பிகே' (PK) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ஜிப் மென்பொருளில் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல்லாக எழுத்தும், மீடியா ஃபோல்டரில் படங்களும் பல நேரம் பத்திரமாக இருக்கும். முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யங்கள் என்றால், அந்த ஃபைலைப் பழுதுபார்க்க எந்த மென்பொருளாலும் முடியாது. பழைய பிரதியைத் தேடுங்கள்.

மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிப்பது

கூடவே கூடாது.

பக்கத்து ஃபைலைக் குப்பை என்று அழிப்பது

பல செயலிகள் தங்கள் தரவை வைக்கும் எஸ்க்யூலைட் (SQLite) டேட்டாபேஸின் அருகே 'வால்' (-wal) அல்லது 'ஜர்னல்' (-journal) என்று முடியும் ஃபைல் இருந்தால் தொடாதீர்கள். முதன்மை ஃபைலுக்கு இன்னும் போய்ச் சேராத பதிவுகள் 'வால்' ஃபைலில் இருக்கலாம். நகலெடுத்தால் சேர்த்தே எடுங்கள்.

காரணத்தைத் தேடாமல் விடுவது

ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி. மாறாத ஒரே ஃபைலுக்கு இரண்டு முறை ஹாஷ் எடுத்து இரண்டும் வேறாக வந்தால், ஃபைலைவிட ரேமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்மார்ட் எண் 199-இன் கணக்கு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம்.

தம்பியின் கணினியில் ஏறியிருந்தது 199தான். கேபிளை மாற்றியதும் டிஸ்க் ஒழுங்காகப் படித்தது. ஆனால் அந்த ஃபைலை செக் டிஸ்க் அதற்குள் வெட்டிவிட்டிருந்தது.