133 பகா எண் இல்லை: பகா எண், காரணிக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரிமுனையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. இது பகா எண்ணா என்று கேட்டால் பிள்ளைகள் பலர் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்பார்கள். ஒற்றைப்படை எண், இலக்கங்களைக் கூட்டினால் 7 வருவதால் 3 போகாது, கடைசியில் 0 இல்லை, 5-உம் இல்லை. அதோடு பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். 7-க்குச் சட்டென்று நினைவுக்கு வரும் விதி இல்லாததால் அந்தப் படியையே தாண்டிவிடுகிறார்கள். வகுத்தே பார்க்க வேண்டும்: 7 × 19 = 133. இதே போல ஏமாற்றும் எண்கள் 91 (7 × 13), 119 (7 × 17), 161 (7 × 23). 51, 57, 87 மூன்றும் பகா எண் போலத் தெரிந்தாலும் 3-ஆல் வகுபடும்.

எதுவரை வகுத்துப் பார்ப்பது? காரணிகள் சோடியாக வரும். சோடியில் இரண்டுமே 13 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கல் குறைந்தது 169 ஆகிவிடும். எனவே 133-க்கு 11 வரை போனால் போதும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து பின்கோடுகள் 629 என்று தொடங்கும். அந்த 629-ஐ 13 வரை சோதித்தாலும் எதுவும் போகாது. அங்கே நிறுத்தினால் தப்பு. 23-இன் வர்க்கம் 529, 29-இன் வர்க்கம் 841. ஆகவே 23 வரை பார்க்க வேண்டும். அடுத்த படியிலேயே விடை கிடைக்கிறது: 17 × 37. இன்னொரு பக்கம், 4, 6, 9 என்று எல்லா எண்களாலும் வகுத்துக்கொண்டிருப்பது வீண்வேலை. 2 போகாத எண்ணில் 4 எப்படிப் போகும்?

‘1-ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது பகா எண்’ என்று மனப்பாடம் செய்தால் 1-உம் உள்ளே நுழைந்துவிடும். ‘சரியாக இரண்டு காரணிகள்’ என்று படிப்பதே நல்லது. 1-க்கு ஒரே காரணிதான்.

வகுபடும் தன்மையில் அதிகம் சறுக்குவது விதிகளைச் சேர்க்கும்போது. 2-ஆலும் 3-ஆலும் வகுபட்டால் 6-ஆல் வகுபடும் என்பது சரி. அதே தைரியத்தில் ‘2-ஆலும் 4-ஆலும் வகுபட்டால் 8-ஆல் வகுபடும்’ என்று எழுதுகிறார்கள். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2 போகும், 4 போகும் (4 × 489), 8 போகாது. 4-க்குள்ளேயே 2 இருப்பதால் 2-ஐத் தனியாகச் சோதித்ததில் புதிதாக எதுவும் தெரியவில்லை. சேர்க்கும் இரண்டு எண்களும் சார்பகா எண்களாக, அதாவது 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக இருக்க வேண்டும். 12-க்கு 3-உம் 4-உம், 2-உம் 6-உம் அல்ல.

சார்பகா எண்கள் என்றால் இரண்டும் பகா எண்கள் என்று நினைப்பதும் உண்டு. வண்டிப் பதிவெண்ணில் நாகர்கோவிலுக்கு வரும் 74, மார்த்தாண்டத்துக்கு வரும் 75 இரண்டுமே பகு எண்கள். ஆனாலும் பொதுக் காரணி 1 மட்டுமே.

11-இன் விதியில், ஒன்றுவிட்ட இலக்கங்களின் கூடுதல்களுடைய வித்தியாசம் 0 வந்தால்தான் வகுபடும் என்று நிறுத்திவிடாதீர்கள். 9196-இல் 18 − 7 = 11. அதுவும் வகுபடும் (11 × 836).

சிலையின் பீடம் 38 அடி, சிலை மட்டும் 95 அடி. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.) கேட்டால் 2, 3, 5, 7 எதுவும் இரண்டிலும் பொதுவாகப் போகவில்லை என்று 1 போடுவார்கள். சந்தேகம் வந்தால் கழித்துப் பாருங்கள்: 95 − 38 = 57, 57 − 38 = 19, 38 − 19 = 19. இரண்டும் சமமாகிவிட்டதால் விடை 19. காரணிச் செடி போடுபவர்கள் 9, 15 போன்ற பகு எண்களைக் கிளை முனையில் அப்படியே விட்டுவிடுவதும் இங்கேதான் காலை வாரும்.

இரண்டு எண்களின் பெருக்கல் = மீ.பெ.கா. × மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்பதை மூன்று எண்களுக்கு நீட்ட வேண்டாம். 6, 10, 15-க்கு மீ.பெ.கா. 1, மீ.சி.ம. 30, பெருக்கலோ 900.

கடைசியாக வாக்கியக் கணக்கு. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை 6 மணிக்கு இரண்டு பஸ்கள் சேர்ந்து கிளம்புகின்றன. ஒரு வழித்தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒன்று, மற்றதில் 18 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும்? மீ.பெ.கா. கண்டு 6.06 என்று எழுதுபவர்கள் உண்டு. 6.06-க்கு எந்த பஸ்ஸும் நகரவே இல்லை. மீ.சி.ம. 36, விடை 6.36.