கல்வியியல் ஆசிரியர்களுக்கு ஆய்வு நிதி: முதல் விண்ணப்பத்தை எப்படித் தயார் செய்வது?

பி.எட். கல்லூரியிலோ பல்கலைக்கழகக் கல்வியியல் துறையிலோ இருப்பவர்களிடம் ஆய்வு நிதி பற்றிப் பேசினால், "அதெல்லாம் சயின்ஸ் டிபார்ட்மென்ட்காரர்களுக்குத்தானே" என்பார்கள். அப்படியில்லை. கல்வி ஆய்வுக்கென்றே பணம் தரும் அமைப்புகள் இருக்கின்றன. நம்மில் பலர் செய்வது என்னவென்றால், அறிவிப்பு வெளியான பிறகுதான் தலைப்பு யோசிக்க உட்காருகிறோம். கடைசித் தேதிக்குச் சில வாரங்கள்தான் இருக்கும். அதற்குள் தலைப்பு பிடித்து, பட்ஜெட் போட்டு, முதல்வர் கையெழுத்து வாங்கி, அலுவலகத்திலிருந்து சான்றுகள் எடுத்து அனுப்ப வேண்டும். அவசரத்தில் எழுதியது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் கேள்வி, அப்புறம் காகிதங்கள், அறிவிப்பு அதற்கும் பிறகுதான்.

படி 1: இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்

எந்த அமைப்பு, எவ்வளவு பணம் என்பதையெல்லாம் மறந்துவிட்டு, இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். என்ன கேள்வி, அதற்கு இன்றுவரை ஏன் பதில் இல்லை, யாரிடம் போய் எதைச் சேகரிப்பீர்கள், பதில் கிடைத்தால் யாருக்கு உதவும். இவ்வளவு போதும்.

இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு" என்ற வகைத் தலைப்புகள் நம் நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஆண்/பெண், நகரம்/கிராமம், அரசு/தனியார் என்று பிரித்து டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டு முடிக்கும் ஆய்வு. பட்டத்துக்கு அது போதுமாக இருந்திருக்கலாம், நிதிக்குப் போதாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்பின் முக்கியச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். ஏற்கெனவே வரிசையாக வந்து நின்றால் அதை விட்டுவிடுங்கள்.

நமக்கு மட்டும் எளிதில் திறக்கும் கதவுகள் உண்டு. பள்ளிகள், பயிற்சி மாணவர்கள், வழிகாட்டி ஆசிரியர்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்சிடிஇயின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகி, பள்ளிப் பயிற்சி குறைந்தது 20 வாரம் என்று ஆனது. முதலில் 4 வாரம், பிறகு 16 வாரம். அந்த 16 வாரத்தில் பள்ளியின் 'கைடு டீச்சர்' நம் மாணவருக்குப் பாடத்திட்ட நோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறென்ன சொல்லித் தருகிறார்? வகுப்பு முடிந்ததும் அவர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறது? இது ஒரு கேள்வி. கல்லூரி ஆசிரியர் ஒருவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிகிற கேள்வி. கீழே இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி, காலை உணவுத் திட்டம் போன்றவற்றைப் பற்றியும் கேள்விகள் எழுப்பலாம். "திட்டத்தின் தாக்கம்" என்று மொத்தமாக எடுக்காமல், ஒரு வகுப்பறையில் அது எப்படி நடக்கிறது என்ற அளவுக்குக் குறுக்கிக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதற்குமான தாக்கத்தை அளக்க ஒரு தனி ஆசிரியரின் பட்ஜெட் எட்டாது.

படி 2: பணம் எங்கே இருக்கிறது?

ஐசிஎஸ்எஸ்ஆர்: இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், 1969-ல் தொடங்கியது. டெல்லியில் இருந்து இயங்குகிறது. கல்வியியல் இதன் வரம்புக்குள் வரும். சிறு ஆய்வு, பெரிய ஆய்வு என்று தனித்தனியாக விண்ணப்பம் கோருவார்கள். முதல்முறை என்றால் சிறு ஆய்வுக்கே போங்கள். இதன் தென்மண்டல மையம் ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. கருத்தரங்குகளுக்குச் சிறு உதவிகள் அங்கே கிடைக்கும். ஒருமுறை சிறிய தொகையை வாங்கி ஒழுங்காகக் கணக்குக் கொடுத்துப் பழகினால், பெரிய தொகைக்குப் போகும்போது கல்லூரி அலுவலகத்துக்கும் பயம் தெளியும்.

என்சிஇஆர்டியின் (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) எரிக்: கல்வி ஆய்வு மற்றும் புத்தாக்கக் குழு, 1974-ல் அமைக்கப்பட்டது. பள்ளிக் கல்வி, ஆசிரியர் கல்வி சார்ந்த ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. அதாவது நம் வேலைதான். இருந்தும் நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தப் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு): மூத்த பேராசிரியர்கள் "மைனர் புராஜெக்ட் போடு" என்று சொல்வது யுஜிசியின் பழைய திட்டத்தை மனத்தில் வைத்து. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 2022 ஆசிரியர் தினத்தன்று யுஜிசி அறிவித்த புதிய திட்டங்களில், புதிதாக நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் 10 லட்சம் ரூபாய் ஆய்வு நிதி ஒன்று உண்டு. 1964-66 கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே கோத்தாரிதான். அவர் பெயரில் உள்ள நிதிக்குக் கல்வியியல்காரர்கள் விண்ணப்பிக்காமல் இருப்பது நியாயமா? பணியில் சேர்ந்த தேதி, துறை பற்றிய நிபந்தனைகளை மட்டும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு: கல்வி ஆய்வுக்கென்றே இருக்கும் அமைப்புகளில் சிகாகோவின் ஸ்பென்சர் அறக்கட்டளை முக்கியமானது. அதன் சிறு ஆய்வு நிதி 50,000 டாலர் வரை. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தொகையைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா? வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். இது இல்லாத கல்லூரியிலிருந்து வெளிநாட்டு நிதிக்கு எழுதுவது வீண் உழைப்பு.

படி 3: அலுவலகத்துக்குப் போய் நான்கு விஷயம் கேளுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் இங்கேதான் நிறைய விண்ணப்பங்கள் தடுக்கி விழுகின்றன. யுஜிசி சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளில் (அங்கீகாரமும் மத்திய நிதி பெறும் தகுதியும் தருபவை) கல்லூரி இருக்கிறதா, அதற்கான கடிதம் எங்கே? புராஜெக்ட் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறக்க முடியுமா? மத்திய அரசுப் பணம் வரும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் நிறுவனம் பதிவாகி இருக்கிறதா? இதற்குமுன் யாராவது புராஜெக்ட் வாங்கிக் கணக்கு முடிக்காமல் விட்டிருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைச் சங்கடப்படாமல் கேளுங்கள். பல வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர் முடிக்காமல் விட்ட கணக்கு இன்று உங்கள் கோப்பைத் தடுக்கலாம்.

சுயநிதிக் கல்லூரியில் இருந்து, 12(பி) இல்லை என்று தெரிந்தால் சோர்ந்துபோக வேண்டாம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் ஒருவரை முதன்மை ஆய்வாளராகவும் உங்களை இணை ஆய்வாளராகவும் வைத்து விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். பள்ளிகளோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பு அவர்களுக்கும் தேவைதான்.

படி 4: அறிவிப்பை மூன்று தடவை படியுங்கள்

முதல் தடவை தகுதிக்காக, இரண்டாம் தடவை பட்ஜெட் வரம்புகளுக்காக, மூன்றாம் தடவை பக்க, சொல் எண்ணிக்கைக்காக. கடந்த ஆண்டு அறிவிப்பை வைத்து எழுதாதீர்கள், விதிகள் மாறும்.

படி 5: முன்மொழிவு எழுதுதல்

மதிப்பீட்டாளர் முன்னால் ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கும். முதல் பக்கத்திலேயே கேள்வி தெரிய வேண்டும். நாம் வழக்கமாக ஆரம்பிப்பது எப்படி? "கல்வி என்பது மனிதனை முழுமையாக்கும் கருவியாகும்." அப்புறம் தேசியக் கல்விக் கொள்கை 2020-லிருந்து ஒரு பத்தி. கேள்வி மூன்றாம் பக்கத்தில். அந்த முதல் இரண்டு பக்கத்தையும் வெட்டுங்கள்.

முன்னாய்வுகள் பகுதியில் "இவர் இந்த ஆண்டில் இதைக் கண்டறிந்தார்" என்று அடுக்க வேண்டாம். மூன்று நான்கு ஆய்வுகளை எடுத்து, அவை எதைச் சொல்லிவிட்டன, எங்கே நின்றுவிட்டன என்று எழுதினால் போதும். நம் உதாரணத்தில், பயிற்சி மாணவரிடம் வினாநிரல் கொடுத்துத் திருப்தி அளந்தவர்களையும், கைடு டீச்சர் பேசியதைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்களையும் தனித்தனியாகக் காட்டினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும்.

நோக்கங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தரவு, எந்த முறை என்று ஒரு அட்டவணை போடுங்கள். அட்டவணையில் ஏதாவது ஒரு நோக்கத்துக்கு நேரே தரவு இல்லை என்றால் அந்த நோக்கத்தை அடித்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் கல்வியியல் தெரியாத ஒருவரிடம் முதல் பக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பொருளியல் துறை நண்பர் நல்ல தேர்வு. அப்புறம் எழுத்துத் திருட்டுச் சோதனை மென்பொருளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்கள் சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்த வரிகளும் அதில் மாட்டும்.

படி 6: பட்ஜெட், அதாவது நீங்கள் களத்துக்குப் போனவரா என்று தெரியும் இடம்

இந்தப் பகுதியைக் கடைசி நாளில் யாரோ ஒருவரின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்புவதுதான் வழக்கம். நான் இதைத்தான் முதலில் போடச் சொல்வேன். ஏனென்றால் ஆய்வின் அளவைத் தீர்மானிப்பது நம் ஆசையல்ல, நாட்காட்டி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பள்ளி, பள்ளிக்கு 2 கைடு டீச்சர் என்றால் 24 பேர். ஒவ்வொருவரும் பயிற்சி மாணவரோடு பேசுவதை மூன்று முறை பதிவு செய்தால் 72 பதிவுகள். ஒரே நாளில் ஒரு பள்ளியின் இரண்டு ஆசிரியர்களையும் பார்த்துவிடலாம் என்று வைத்தால் 36 பள்ளி நாட்கள். ஒரு ஆய்வு உதவியாளர் வாரத்துக்கு மூன்று பள்ளி போனால் 12 வாரம். பயிற்சி 16 வாரம். மீதி 4 வாரம் காலாண்டுத் தேர்வு, மழை விடுமுறை, "இன்றைக்கு சார் ட்ரெயினிங் போயிருக்கிறார்" என்பதற்கெல்லாம் சரியாகப் போய்விடும். இதையே 16 பள்ளி என்று ஆசைப்பட்டிருந்தால் 48 நாள், 16 வாரம், ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஆக 12 என்ற எண்ணுக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை முன்மொழிவிலேயே எழுதுங்கள்.

அடுத்தது எல்லோரும் மறக்கும் செலவு. 72 பதிவு, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் 24 மணி நேர ஒலி. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க ஆறு மணி நேரம் வைத்துக்கொண்டால் 144 மணி நேரம், அதாவது நாளுக்கு ஏழு மணி நேர வேலை என்றால் இருபது நாளுக்கு மேல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பின்னால் பிள்ளைகள் சத்தம் போட்டால், இன்னும் கூடும். இதற்குப் பணமும் ஒதுக்காமல் காலமும் ஒதுக்காமல் இருந்தால், நேர்காணல் ஆய்வு செய்து பழக்கப்பட்ட மதிப்பீட்டாளர் உடனே பிடித்துவிடுவார்.

பணியாளர் சம்பளம், களப்பயணம், கருவிகள், நூல்கள், எழுதுபொருள், நிறுவனத்துக்கான ஓவர்ஹெட் (நிர்வாகச் செலவு) என்று தலைப்புகளை அறிவிப்பே சொல்லும். எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கும். லேப்டாப், பிரிண்டர், கேமரா என்று கருவிகளில் பாதிப் பணத்தைப் போடாதீர்கள். வாங்கும் பொருள் எப்படியும் நிறுவனத்துக்குத்தான் சொந்தம். ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் உதவியாளருக்குச் சரியான சம்பளமும் அதைவிடப் பயன் தரும்.

படி 7: அனுமதிகள், சமர்ப்பிப்பு

அரசுப் பள்ளிகளுக்குள் போக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். நிதி கிடைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு பருவமே போய்விடலாம். வாய்ப்பிருந்தால் இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை இணையுங்கள். மாணவர்கள் பேசுவதைப் பதிவு செய்தால் பெற்றோரின் ஒப்புதல், கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் தேவைப்படும். குழுவே இல்லையென்றால் முதல்வரிடம் சொல்லி அமைக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் பதிவேற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிறுவனத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அச்சுப் பிரதியைத் தபாலில் கேட்டால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைசி நாள் மாலை தளம் நகராது, எனவே இரண்டு நாள் முன்னதாகவே முடியுங்கள்.

படி 8: நிபுணர் குழு முன்

முதல் சுற்றில் தேறினால் குழு முன் விளக்கச் சொல்வார்கள். கிடைக்கும் நேரம் குறைவு. கேள்வி, முறை, காலம், பணம் என்று நான்கைந்து ஸ்லைடு போதும். "ஏன் இந்த மாவட்டம்?", "பதிவுசெய்கிறோம் என்று தெரிந்தால் ஆசிரியர் இயல்பாகப் பேசுவாரா?" என்ற மாதிரி கேள்விகள் வரும். இரண்டாவதற்கு நேர்மையான பதில், "முதல் பதிவில் பேச மாட்டார், அதனால்தான் மூன்று வைத்திருக்கிறோம்." தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க ஒப்புக்கொள்ளுங்கள். அதே வேலையைப் பாதிப் பணத்தில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

கிடைக்கவில்லை என்றால் காரணம் எழுதி அனுப்பினார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். அந்த இரண்டு பக்கக் குறிப்பு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஐசிஎஸ்எஸ்ஆர் வேண்டாம் என்றதை எரிக் படிவத்துக்கு மாற்றி எழுதலாம்.

படி 9: பணம் வந்த பிறகு

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்திட்ட செலவுக் கணக்கு இரண்டும் கேட்பார்கள். முதல் பஸ் டிக்கெட்டிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். கருவி வாங்குவதற்கு முன் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம் வழியாகத்தான் வாங்க வேண்டுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். வங்கிக் கணக்கில் சேரும் வட்டியும் உங்களுடையதல்ல, அதையும் கணக்கில் காட்டித் திருப்பிக் கட்ட வேண்டும்.

உதவியாளரை நியமிக்க விளம்பரம், தேர்வுக் குழு என்று முறைப்படி போக வேண்டியிருக்கும். இதற்கே ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால், ஆய்வு தொடங்கும் தேதியைப் பள்ளிப் பயிற்சி தொடங்கும் மாதத்தோடு ஒட்டிப் போடாதீர்கள்.

கடைசித் தவணை இறுதி அறிக்கையை ஏற்ற பிறகே வரும். அந்த இடைவெளியில் உதவியாளர் சம்பளம், அச்சுச் செலவுக்குக் கல்லூரி முன்பணம் தருமா என்று விண்ணப்பிக்கும்போதே பேசி வையுங்கள். தனிநபர் கடன் வாங்கி புராஜெக்ட் முடித்தவர்கள் இருக்கிறார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் காலக்கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். அறிக்கை தராமல் விட்டவரின் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.