பவானி தேவியின் ஆட்டங்களைக் கொண்டு சேபர் பார்க்கப் பழகுதல்

சேபர் என்னும் வாள்வீச்சு வகையை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு, இரு வீராங்கனைகளும் ஒரே நொடியில் பாய்வதும், வாள் இலக்கில் பட்டதைக் காட்டும் இரண்டு விளக்குகளும் எரிவதும், நடுவர் ஒருவருக்கு மட்டும் புள்ளி வழங்குவதும் புதிராகவே இருக்கும். இதைப் புரிந்துகொள்ள, டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 26 அன்று சென்னையைச் சேர்ந்த பவானி தேவி ஆடிய இரண்டு ஆட்டங்களின் காணொளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் அவரே.

சேபரில் முனையால் குத்தினாலும் விளிம்பால் வெட்டினாலும் புள்ளி உண்டு. இடுப்புக்கு மேற்பட்ட உடலும் தலையும் கைகளும் இலக்கு. மணிக்கட்டுக்குக் கீழே பட்டால் கணக்கில்லை.

முதல் முறை பார்க்கும்போது வாளைப் பின்தொடராதீர்கள், கண்ணால் அதற்கு ஈடுகொடுக்க இயலாது. கால்களை மட்டும் கவனியுங்கள். 14 மீட்டர் நீளமுள்ள களத்தில் யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார் என்பதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இரண்டு விளக்குகளும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே முன்னுரிமை. ஆனால் அந்த வீச்சை எதிராளி தன் வாளால் தடுத்துவிட்டால், முன்னுரிமை தடுத்தவரிடம் சென்று, அவர் உடனே கொடுக்கும் பதிலடிக்கே புள்ளி கிடைக்கும். இருவரும் ஒருசேரத் தாக்கியிருந்தால் எவருக்கும் புள்ளியில்லை. இந்த ஒரு விதி பிடிபட்டால் சேபர் பிடிபட்டுவிடும் என்பது என் உறுதியான கருத்து.

துனீசியாவின் நாடியா பென் அசிசியை பவானி 15-3 என வென்ற ஆட்டத்தை முதலில் பாருங்கள். யார் தாக்குகிறார் என்பது அதில் தெளிவாகத் தெரியும். அடுத்து, பிரான்ஸின் மனோன் புருனேவிடம் 7-15 எனத் தோற்ற ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவர் 8 புள்ளியைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை வரும். அப்போது 2-8 எனப் பின்தங்கியிருந்த பவானி, அதன்பின் மேலும் 5 புள்ளிகள் எடுத்தார். இடைவேளைக்கு முன்னும் பின்னும் எதிராளியிடமிருந்து அவர் எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறார் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். தோற்ற ஆட்டம்தான் கூடுதலாகக் கற்பிக்கிறது என்பதால், இதை இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது.

இவ்வளவும் பழகிய பின், 2023 ஆசிய சாம்பியன்ஷிப் காலிறுதியில் அன்றைய உலக சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை அவர் 15-10 என வீழ்த்திய ஆட்டத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு மோதல் முடிந்ததும் காணொளியை நிறுத்தி, புள்ளி யாருக்கு என்று நீங்களே முடிவு செய்த பிறகு நடுவரின் சைகையைப் பாருங்கள்.