மேட்ச் சேனல் போய்விட்டதா? முதலில் பாக்ஸைத் தட்டுவதை நிறுத்துங்கள்

2023 பிப்ரவரி 18. மகா சிவராத்திரி. டெல்டாவில் பாதிப் பேர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாள். டெல்லியில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் இரண்டாம் நாளும் அன்றுதான். டிஸ்னி ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் நாட்டின் பல கேபிள் நெட்வொர்க்குகளுக்கு சிக்னலை நிறுத்தின. பாதிக்கப்பட்டவை சுமார் நாலரைக் கோடி வீடுகள் என்று கேபிள் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. மறுநாள் காலையில் ஜடேஜா 42 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்ததை அந்த வீடுகளில் செல்போன் ஸ்கோராகத்தான் பார்க்க முடிந்தது.

சண்டை விலையைப் பற்றியது. 2022 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதியைத் திருத்தி, பேக்கில் சேர்க்கும் சேனலின் விலை 19 ரூபாய் வரை இருக்கலாம் என்றது. ஒளிபரப்பு நிறுவனங்கள் புது விலைப்பட்டியல் போட்டன. கேபிள் தரப்பு அந்த விலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. ஐபிஎல்லை 2023 முதல் 2027 வரை டிவியில் காட்டும் உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. அவ்வளவு கொட்டியவர்கள் அதை எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்! ஆகவே இந்த மாதிரிச் சண்டை இனியும் வரும். வரும்போது நாம் செய்யும் சில தவறுகளைப் பார்ப்போம்.

முதல் தவறு, பாக்ஸின் மேல் கை வைப்பது. பாபநாசத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை மேட்ச் சேனல் வரவில்லை என்று பாக்ஸை அணைத்துப் போட்டார், கார்டைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துச் செருகினார், கடைசியில் மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தேடவிட்டார். மேட்ச் வரவில்லை. அத்தை வரிசையாகச் சேர்த்து வைத்திருந்த பக்திச் சேனல்களும் சீரியல் சேனல்களும் காணாமல் போனதுதான் மிச்சம். அன்றிரவு அந்த வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம்.

கோளாறையும் தகராறையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். எல்லாச் சேனலும் கட்டம் கட்டமாக உடைந்தால் வயர் அல்லது டிஷ். மழையோ தென்னை மட்டையோ காரணமாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தின் விளையாட்டு, சினிமா, சீரியல் சேனல்கள் மொத்தமாகப் போய், மற்றவை பளிச்சென்று வந்தால் அது பெரும்பாலும் ஒப்பந்தச் சண்டை. ரீசார்ஜ் தேதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வசூலுக்கு வரும் பையனைப் பிடித்துத் திட்டுவது. "தம்பி, காசு வாங்க மட்டும் கரெக்டா வர்றியே?" என்று மாமா கேட்க, "மேலேயே கட் மாமா, நான் என்ன பண்ணுவேன்?" என்றான் அவன். அவன் சொன்னது உண்மை. ஒளிபரப்பு நிறுவனம் பெரிய கேபிள் நிறுவனத்துக்குச் சிக்னல் தருகிறது. அவர்களிடமிருந்து வாங்கி நம் தெருவுக்கு வயர் இழுப்பவர் உள்ளூர் ஆபரேட்டர். பேரம் மேலே இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில். மேட்டூரில் தண்ணீர் திறக்காததற்கு மடை திறந்துவிடும் வாய்க்கால் லஸ்கரிடம் சண்டைக்குப் போவார்களா? சரி, கடைமடையில் சில பேர் போவார்கள். ஆனால் தண்ணீர் வராது. கேட்க வேண்டுமென்றால் கேபிள் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த படி அவர்களுடைய நோடல் அதிகாரி, அதாவது மேல்முறையீட்டைக் கவனிப்பவர். தனிநபர் புகாரை ட்ராய் நேரடியாக விசாரிக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தனியாகக் காசு கட்டி எடுத்த சேனல் என்றால், வராத நாளுக்கு ஏன் காசு என்று கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகக் குறைத்துக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்து, "தூர்தர்ஷன்ல வரும்ல" என்று நம்பி உட்கார்ந்திருப்பது. இந்த ஏமாற்றம்தான் ஊரில் அதிகம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களின் சிக்னலை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் அடங்கும். ஆனால் அப்படி வாங்கிய சிக்னலைத் தூர்தர்ஷன் தன் சொந்த டவரிலும் தன்னுடைய இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம் என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் (காசு கட்டி, டிஷ் வைத்துப் பார்ப்பது) வரும் அதே தூர்தர்ஷனில் அந்த நேரத்தில் வேறு ஏதாவது ஓடும். கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கியவரின் ஆட்டம் அந்த வழியாக எல்லா வீட்டுக்கும் இலவசமாகப் போய்விடக் கூடாது என்பதுதான் விஷயம். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும். இந்திய ஆட்டம் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் சிஎஸ்கே மேட்சுக்காக வாங்காதீர்கள். ஐபிஎல் அந்தச் சட்டப் பட்டியலிலேயே இல்லை.

ஆத்திரத்தில் கேபிளை அறுத்துவிட்டு டிடிஎச்சுக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுவது இன்னொன்று. 2023 சண்டை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. அதற்குள் மாறியவர்களிடம் இரண்டு பாக்ஸ் மிஞ்சியிருக்கும். டிடிஎச்சிலும் இதே கதை உண்டு: 2018 அக்டோபரில் டாடா ஸ்கை, சோனியின் பல சேனல்களை எடுத்துவிட்டது, விளையாட்டுச் சேனல்கள் உட்பட. மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் "ஐம்பது ரூபாய் ஜிபே பண்ணுங்க, லைவ் லிங்க்" என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், திரையின் அடியில் ஓடும் எழுத்து. சிக்னலை நிறுத்துவதற்கு மூன்று வாரம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. பார்ப்பவர்களுக்கும் ஸ்க்ரோல் போட்டுச் சொல்ல வேண்டும். நாம்தான் அதை நகைக்கடை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அந்த ஸ்க்ரோலைக் கண்டதும் முதல் வேலையாக, அடுத்த மாதத்துக்கான விளையாட்டுப் பேக்கை முன்கூட்டியே ரீசார்ஜ் செய்வதைத் தள்ளிப்போடுங்கள்.