"நான் எதுக்குண்ணே அங்க போறேன்?": காலேஜ் நாடகத்தில் பிளாக்கிங்கும் நடிகர்களும்

காலேஜ் நாடக ஒத்திகை எதையாவது பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஒரே வரிசையில் நிற்பார்கள். வசனம் இருக்கிறவர் அரை அடி முன்னால் வருவார், சொல்லி முடித்ததும் அரை அடி பின்னால் போவார். மேலே மைக் எங்கே தொங்குகிறதோ அதற்கு நேர் கீழேதான் அழுகை, சண்டை, சாவு எல்லாம் நடக்கும். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். நோட்டு முழுக்க அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டு போய் "நீ அங்க போ, நீ இங்க வா" என்று மூன்று நாள் கத்தினேன். நாலாம் நாள் ஒரு பையன் நின்று, "நான் எதுக்குண்ணே அங்க போறேன்?" என்று கேட்டான். "மேடை காலியா கெடக்குல்லடா, போடா" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. மேடையில் யார் எங்கே நிற்பது, எப்போது எங்கே நகர்வது என்று அமைப்பதற்குத்தான் பிளாக்கிங் என்று பேர். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தப் பையனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

மதுரைக்காரர்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள், நியாயமான சந்தேகம்தான். சுத்துப்பட்டுத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நடக்கிறதே, ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர், அன்றைக்கு ராத்திரிதான் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள், ஒத்திகையே கிடையாது, விடிய விடிய நாடகம் ஓடுகிறது, அங்கே எவன் பிளாக்கிங் பண்ணினான் என்று. ஸ்பெஷல் நாடகம் என்கிற இந்த வகையில் கதை, பாட்டு, யார் எப்போது உள்ளே வருவது என்பதெல்லாம் வழிவழியாக ஊறிப்போன விஷயம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கியபோது அதில் போய்ச் சேர்ந்த நடிகர் டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அந்த வயதில் மேடை ஏறினவருக்குக் காலே கணக்குச் சொல்லும். நம்ம செகண்ட் இயர் பி.காம் பையனுக்கு அந்தக் கால் கிடையாது, கையில் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதிலும் இன்டர்னல் டெஸ்ட் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். அதனால் அவனுக்கு நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் யாரையும் எழுந்து நிற்க விடாதீர்கள். வட்டமாக உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது பென்சிலால் ஒரே ஒரு வேலை: பேச்சு எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் கோடு போடுவது. ஒருத்தர் கேட்டது கிடைத்துவிட்டது, அல்லது கிடைக்காது என்று தெரிந்துவிட்டது, அல்லது புதிதாக ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்றால் அங்கே கோடு. இருபது நிமிட நாடகத்தில் பன்னிரண்டு பதினைந்து கோடு விழும். அசைவுகளில் பெரும்பாலானவை இந்தக் கோடுகளில்தான் நடக்கும், நடுவில் சும்மா உலாத்த வேண்டியதில்லை.

அப்புறம் தரைப்படம். ஒரு தாளில் மேடையை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, வாசல், ஜன்னல், கட்டில், நாற்காலி எங்கே என்று முடிவு பண்ணுங்கள். இதில் அரை நாள் செலவழித்தால் ஒத்திகையில் ஐந்து நாள் மிச்சம். வாசலை ஒரு மூலையிலும் முக்கியமான பொருளை எதிர் மூலையிலும் வைத்தால் உள்ளே வருகிறவர் நடந்தே ஆக வேண்டும், அந்த நடையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பொதுவாக எல்லோரும் வாசலையும் நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மேடை செத்துக் கிடக்கிறது என்று புலம்புவார்கள். லண்டனில் 19ஆம் நூற்றாண்டில் டபிள்யூ.எஸ். கில்பர்ட் என்ற நாடகக்காரர் சின்ன மாதிரி மேடை செய்து, அதில் மரக்கட்டைகளை ஆட்களாக வைத்து நகர்த்திப் பார்ப்பாராம். பிளாக்கிங் என்ற பேரே அந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் புளியங்கொட்டையை வைத்து நகர்த்துகிறேன். ஒரு பக்கம் தேய்த்த கொட்டை என்றால் இன்னும் நல்லது, வெள்ளைப் பக்கம் முகம்.

திசை சொல்வதில் ஒரு குழப்பம் வரும். மேடை வலது என்றால் சபையைப் பார்த்து நிற்கிற நடிகரின் வலது, உங்கள் வலது இல்லை. ஆங்கிலத்தில் மேடையின் பின்பக்கத்தை மேல் என்றும் முன்பக்கத்தைக் கீழ் என்றும் சொல்வதற்குக் காரணம், ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து சபையை நோக்கிச் சரிந்து இருந்ததுதான். நம் மேடைகள் சமதளம், எனக்கு ‘முன்’, ‘பின்’ போதும். அகலத்தை மூன்றாக, ஆழத்தை மூன்றாகப் பிரித்தால் ஒன்பது கட்டம். ‘வலது முன்’, ‘நடு பின்’ என்று ஸ்கிரிப்டில் வசனத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், நிச்சயம் மாறும்.

சரி, இப்போது ஒரு காட்சி. வில்லாபுரம் பக்கம் ஒரு வீடு. அம்மா கூலிக்கு மல்லிகைப்பூ கட்டுகிறாள். மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து ஆர்டர் வந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் அமைத்தபோது மகள் நேராக வந்து அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வசனம் நன்றாக இருந்தது, காட்சி உப்புச்சப்பில்லாமல் இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து கேட்டோம்: இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும்? அம்மா வாயிலிருந்து ‘சரி’ என்று ஒரு வார்த்தை. அம்மாவுக்கு என்ன வேண்டும்? இந்தப் பேச்சே வரக்கூடாது. இரண்டும் தெரிந்ததும் இடம் தானாக வந்தது. பேச்சு வரக்கூடாது என்று நினைக்கிற அம்மா நிமிர மாட்டாள், கை பூவிலேயே இருக்கும். ‘சரி’ வாங்க வந்தவள் வாசலில் நின்று ஒரு வரி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்து ஒரு வரி, பிறகு எதிரே உட்கார்ந்து, கேட்காமலே பூவை எடுத்து இரண்டிரண்டாக நீட்ட ஆரம்பிப்பாள். அம்மா பார்க்காமலே வாங்கி நாரில் வைத்துக் கட்டுவாள். அதுவரை சபைக்கு ஒன்றும் புரிய வேண்டியதில்லை, இவர்கள் இருவரும் பல வருடமாக இப்படிக் கட்டுகிறவர்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ‘ஓசூரு’ என்ற சொல் வந்ததும் அம்மாவின் கை நீளாது. நீட்டிய பூ மகள் கையிலேயே நிற்கும். அவ்வளவுதான். அந்த இடத்தில் நடிக்கவே வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன், முகத்தில் எதுவும் போடாதீர்கள், கை மட்டும் நிற்கட்டும் என்று.

‘கையை என்ன செய்யறதுன்னு தெரியல’ என்று எல்லாப் புது நடிகர்களும் சொல்வார்கள். அதற்கும் இதுதான் மருந்து, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆனால் நிஜ வேலையாக இருக்க வேண்டும். அம்மாவாக நடித்த பெண்ணுக்குப் பூக்கட்டத் தெரியாது, ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காவிடம் ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மதுரையில் போய், பூக்கட்டுகிற மாதிரிக் காற்றில் கையை ஆட்டினால் முதல் வரிசைப் பெண்கள் சிரித்துவிடுவார்கள்.

நகர்வுக்கும் வசனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். எழுந்து நின்றுவிட்டு "நான் போறேம்மா" என்றால் வசனம் பெரிதாகக் கேட்கும். "நான் போறேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தால் எழுந்தது பெரிதாகத் தெரியும். சொல்லிக்கொண்டே எழுந்தால் இரண்டும் சாதாரணமாகும், சில இடத்துக்கு அதுதான் வேண்டும். இன்னொன்று: சபையின் கண் எப்போதும் அசைகிற பொருளின் பின்னால் போகும். ஒருவர் முக்கியமான வரி சொல்லும்போது பின்னால் நிற்கிற பையன் தோள் துண்டைச் சரிசெய்தால் அந்த வரி போச்சு.

வரிசையை உடைக்க முக்கோணம். மூன்று பேர் இருந்தால் ஒருவர் பின்னால், இருவர் முன்னால், இடைவெளி சமமாக இல்லாமல். எதிரெதிரே பேசும்போது பின்னால் நிற்பவரின் முகம்தான் சபைக்கு முழுதாகத் தெரியும், ஆகவே அந்த நேரத்தில் யார் முகம் தேவையோ அவர் பின்னால். சபைக்கு முதுகு காட்டவே கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்ததை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன காட்சியில் பிறகு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உள்ளே வரும்போது மகள் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள், அந்த முதுகு விறைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். வீதி நாடகம் என்றால் இந்தக் கணக்கு மொத்தமும் மாறும். நாலு பக்கமும் ஆள் நிற்கும்போது யாருக்காவது முதுகு தெரிந்தே தீரும், அங்கே சுற்றிச் சுற்றி வருவதுதான் வழி.

இப்போது கஷ்டமான பகுதி, ஆட்களை வேலை வாங்குவது. அதுவும் உங்கள் வயசுக்காரனை, கேன்டீனில் உங்கள் பரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறவனை. "மாப்ள, இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணி பண்ணுடா" என்றால் அவன் புருவத்தைச் சுருக்குவான், குரலை நடுங்க விடுவான், அவ்வளவுதான் அவனால் முடியும். ஏனென்றால் சோகம் என்பது செய்யக்கூடிய வேலை இல்லை. கெஞ்சுவது வேலை. மிரட்டுவது, மழுப்புவது, நேரம் கடத்துவது, குத்திக்காட்டுவது எல்லாம் வேலை. மாமாவாக நடித்தவனிடம் "கோபமா பேசு" என்று பத்து முறை சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. "அக்காவ பேச விடாத, அவ வாயத் தொறந்தா நீ தோத்துட்ட" என்றதும் மாறினான். குரல் கூட உயரவில்லை, அக்கா நிமிரும் ஒவ்வொரு முறையும் ஒரு அடி குறுக்கே வந்து நின்றான். நான் சொல்லாத பிளாக்கிங் அது, ஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டேன்.

நீங்களே நடித்துக் காட்டாதீர்கள். காட்டினால் உங்களைக் காப்பியடிப்பான், அதிலும் உங்கள் தப்புகளைத்தான் முதலில் பிடிப்பான். ஒத்திகையில் ஒரு ஓட்டத்துக்கு ஒருத்தருக்கு ஒரு திருத்தம் போதும். மனசு நோகிற திருத்தத்தைத் தனியாகக் கூப்பிட்டு, டீக்கடைக்குப் போகிற வழியில் சொல்லுங்கள். ஜூனியர் பெண்களிடம் சீனியர் பையன்கள் கத்துவது நம் ஊர் ஒத்திகைகளில் சகஜமாக நடக்கிறது. கத்தினால் அடுத்த நாள் முதல் அந்தப் பெண் பத்திரமாக மட்டும்தான் நடிப்பாள்.

குரலில் ஒரே விஷயம் சொல்கிறேன். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. போவேனா, போகமாட்டேனா என்பது வாக்கியத்தின் வால் வரை தெரியாது. புதியவர்கள் எல்லோரும் மூச்சு முடிந்து அந்த வாலைத்தான் விழுங்குகிறார்கள். "நான் இந்த வீட்ட விட்டுப் போக" வரை கணீரென்று கேட்கும், பிறகு ஒரு முனகல். பின் வரிசையில் ஒரு நண்பனை உட்காரவைத்து, கடைசிச் சொல் கேட்காதபோதெல்லாம் கை தூக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் சரியாகும்.

ஒத்திகை வகுப்பறையில்தான் நடக்கும், நிஜ மேடை கடைசி நாள்தான் கிடைக்கும். அதனால் முன்கூட்டியே போய் மேடையைக் காலடியால் அளந்துகொண்டு வந்து, அதே அளவை மொட்டை மாடியிலோ மரத்தடியிலோ கோடு போட்டுவிடுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், டேப் நல்லது. இதை நான் ஒழுங்காகச் செய்தேன், ஆனால் மேடையின் உயரத்தைப் பார்க்க மறந்தேன். அந்த அரங்கில் மேடை முழங்கால் உயரம், கீழே சமதளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தரையில் உட்கார்ந்து பூக்கட்டிய அம்மாவின் உச்சந்தலை மட்டும்தான் மூன்றாம் வரிசைக்குத் தெரிந்தது. பூ நின்றதை முதல் இரண்டு வரிசை தவிர யாருமே பார்க்கவில்லை. அடுத்த முறை இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டுத் திண்ணை ஆக்கினோம். முதல் வரிசையின் இரண்டு ஓரம், கடைசி வரிசையின் நடு, இந்த மூன்று இடத்திலும் நீங்களே உட்கார்ந்து பார்க்காமல் எதையும் முடிவு பண்ணாதீர்கள்.

கடைசி நாள் மேடை கிடைத்ததும் நடிக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். வசனத்தை வேகமாக முணுமுணுத்துக்கொண்டு நடக்க மட்டும் சொல்லுங்கள், அரை மணி நேரம் போதும். பக்கத்திரை எந்தப் பக்கம் திறக்கிறது, இருட்டில் கால் எங்கே தட்டும், தொங்குகிற மைக்குகளுக்கு நடுவில் எங்கே குரல் செத்துப்போகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். திண்ணையின் நாலு மூலைக்கும் தரையில் டேப் ஒட்டுங்கள். நாடகம் ஆரம்பித்ததும் மேடை ஓர மறைவில், அதாவது விங்கில், நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்காமல் ஸ்கிரிப்டைப் பிராம்ப்ட் பண்ணுகிறவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விடுங்கள். முடிந்ததும் ஓடி வந்து டேப்பைப் பிய்த்துவிடுங்கள். ஒருமுறை நாங்கள் மறந்துவிட்டோம், அடுத்து ஏறிய டீமில் ராஜா வேஷக்காரர் எங்கள் திண்ணைக் குறியைத் தன் குறி என்று நினைத்து, மேடை ஓரத்தில் விளக்கே விழாத இடத்தில் சிம்மாசனம் இல்லாமல் உட்காரப் போய்விட்டார்.