பேய்க்கணவாய்க் குஞ்சுக்கு ஆர்டிமியா மட்டும் போதாது: தீனியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறால் பொரிப்பகத்தில் கை பழகியவர் ஆக்டோபஸ் குஞ்சு வளர்க்கப் போனால் முதலில் எடுப்பது ஆர்டிமியா (குஞ்சுகளுக்கு உயிர்த்தீனியாகும் சின்ன உப்புநீர் உயிரி) டப்பாவைத்தான். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிற கூட்டத்தில், ஸ்பெயினின் கலீசியாவில் வளர்த்துப் பார்க்கும் ஆக்டோபஸ் வல்காரிஸ் பற்றியது இது.

பொரித்த குஞ்சு 3 மி.மீ. இருந்தால் அதிகம், கைக்கு 3 உறிஞ்சிகள். சின்ன வாய்தானே என்று அன்று பொரித்த அரை மி.மீ. நாப்ளியஸை (ஆர்டிமியாவின் இளம்புழு) கொட்டுகிறார்கள். குஞ்சோ கண்ணால் பார்த்துப் பாய்ந்து பிடிக்கிற வேட்டைக்காரன். 0.8 மி.மீ., 1.4 மி.மீ. ஆர்டிமியா இரண்டையும் வைத்துப் பார்த்தபோது பெரியதைத்தான் அதிகம் பிடித்தது. ஆகவே பாசி கொடுத்துச் சில நாள் வளர்த்த ஆர்டிமியாவைப் போடுங்கள். தின்கிறதா என்று அறிய, தொட்டியடிக் கசடை சைஃபன் வைத்து எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். குஞ்சு உமிழ்நீரால் சதையைக் கரைத்து உறிஞ்சிவிட்டு வெற்றுக்கூட்டை விட்டுவிடும். ஆர்டிமியா தானே உரித்த சட்டையும் அதில் கிடக்கும், ஏமாந்துவிடாதீர்கள். முழு உடலாகவே செத்துக் கிடந்தால் தீனி வீண்.

அடுத்தது, மீன் எண்ணெய்க் குழம்பில் ஊறவைத்தால் சத்து ஏறிவிடும் என்ற நம்பிக்கை. குஞ்சின் உடல் கேட்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை. அந்தக் குழம்பில் பெரும்பாலும் இருப்பது ட்ரைகிளிசரைடு என்ற சாதாரண எண்ணெய்க் கொழுப்பு. போதாக்குறைக்கு, ஏற்றிய டிஹெச்ஏவை (ஒரு ஒமேகா-3 கொழுப்பு அமிலம்) ஆர்டிமியாவே இபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 ஆக மாற்றிச் செலவழித்துவிடும். ஊறவைத்ததை நேரம் கழித்துப் போட்டால் பலன் குறைந்துவிடும். கடல்சார் லெசித்தினில் (பாஸ்போலிப்பிட் நிறைந்த கடல் உயிரிக் கொழுப்பு) ஊறவைத்து, நன்றாக அலசி (அலசாவிட்டால் நீர்ப்பரப்பில் எண்ணெய் படரும்), உடனே சிறுசிறு தவணையாகக் கொடுங்கள். தொட்டியில் பாசி இருந்தால் மிஞ்சிய ஆர்டிமியாவும் வெறும் வயிற்றோடு திரியாது.

ஆக்டோபஸின் ரத்தம் நீலம். அதில் ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம். ஆர்டிமியாவில் அது குறைவு என்று கேட்டதும் மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டாம், குஞ்சுகள் செத்துப்போகும். தாமிரம் இரை வழியாகத்தான் வர வேண்டும். அந்த வகையில் நண்டின் ஜோயியா (நண்டு முட்டையிலிருந்து வரும் இளம்புழு) நல்ல இரை. கலீசியாவின் விகோ நகர ஆய்வகத்தில் ஆர்டிமியாவோடு சிலந்தி நண்டின் ஜோயியாவைச் சேர்த்துக் கொடுத்து, 40-ம் நாளில் மூன்றில் ஒரு பங்கு போலக் காப்பாற்றி, அவற்றில் சிலவற்றை முழு வளர்ச்சிவரை கொண்டுபோனார்கள். 2004-ல் அதை வெளியிட்டார்கள். ஆனால் ஒரேயொரு சினை நண்டை நம்பினால் பாதியில் தீனி நின்றுவிடும். முட்டை செம்மஞ்சளாய் இருப்பதும் கருமையேறியதுமாகப் பல நண்டுகளை வைத்திருந்தால்தான் ஜோயியா விட்டுவிட்டாவது வரும்.

நீரில் மிதந்த குஞ்சு வளர்ந்து தொட்டியடியில் இறங்கியபின், மலிவு என்று மத்தி மீனைப் போடுவார்கள். கொழுப்பு சரியாகச் செரிக்காமல் கழிவோடு போய்விடும், வளர்ச்சி தேங்கும். நண்டும் கொழுப்பு குறைந்த மீனும் ஒத்துக்கொள்ளும். உலர் குருணையும் உதவாது: கையில் பிடித்துக் கொறிக்கும்போதே உதிர்ந்துவிடும். ஜெலட்டின் சேர்த்துப் பிசைந்த ஈரத்தீனி என்றால் பிடி நிற்கும். மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பெரியதும் சிறியதும் ஒரே தொட்டியில் இருந்தால், பசித்த நேரத்தில் சிறியதே தீனி.